கும்பினிப் பொன்னில் வேங்கடவன்

கேளம்பாக்கம் என்றதும் இக்காலத்தவர் மனத்தில் எழுவன கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளும், வானளாவ எழும்பி நிற்கும் குடியிருப்புகளும், காலையும் மாலையும் ஊர்ந்து செல்லும் வாகன வரிசைகளுமே ஆயினும், அவ்வூருக்குக் கிழக்கே உப்பளங்களையும் காயலையும் கடந்து கோவளத்துக் கரையில் போய் நிற்பவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வர்த்தகக் கூட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கொண்டிருந்த ஒரு கடற்கரையின் நடுவில் நிற்கிறார் என்பதை அறிந்தால் வியப்படைவார். ஆஸ்டெண்டு கும்பினி என்று பெயர் பெற்ற, இன்றைய பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த வர்த்தகர்கள் 1719ஆம் ஆண்டை ஒட்டிக் கோவளத்தில் பண்டகசாலை அமைத்தனர். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ் 1722இல் அவர்களுக்கு உரிமைச் சாசனம் அளித்தான். ஆங்கிலேயரும், உலாந்தர் எனப்பட்ட டச்சுக்காரரும் கொடுத்த நிர்ப்பந்தத்தால் 1727இல் தானே அதை நிறுத்தியும் வைத்தான். கோவளத்திற்குத் தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டினால் சதுரங்கப்பட்டினத்தில் உலாந்தர் கோட்டை. இன்னும் தெற்கே, கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை. வடக்கே சாந்தோமில் போர்ச்சுகீசியரின் பழைய குடியிருப்பும், அதற்கப்பால் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும். இவர்கள் அனைவரும் இக்கரையில் தேடி வந்தது துணி. அத்துணிக்கு விலையாக இவ்வூரார் கேட்டது பொன். அந்தப் பொன் எவ்வாறு நாணயமாயிற்று, அந்த நாணயத்தின்மேல் எவர் உருவம் பொறிக்கப்பட்டது, ஏன் பொறிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வட இந்தியாவில் மொகலாயர் ஆட்சியில் வெள்ளி ரூபாயே பெரும்பான்மையான வர்த்தகத்திற்கு ஆதாரமாக இருந்தது. தென்னாட்டிலோ நெடுங்காலமாகப் பொன்னுக்கே முதல் மதிப்பு. விஜயநகரத்து மன்னர்கள் வெளியிட்ட வராகன் என்னும் பொற்காசு, கிருஷ்ணா நதிக்குத் தெற்கே, ராஜ்யங்கள் பல மாறியும் தான் மாறாத அளவுகோலாக விளங்கி வந்தது. ஹரிஹரன் காலத்தில் அனுமனும் கருடனும், தேவராயர் காலத்தில் உமாமகேசுவரரும், கிருஷ்ணதேவராயர் காலத்தில் பாலகிருஷ்ணனும் அக்காசுகளில் எழுந்தருளியிருந்தனர். பிற்காலத்தில் சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதிராயர், திருவேங்கடமுடையான் திருவாசியின் கீழ் நிற்கும் கோலத்தை ஒரு பக்கத்திலும், அப்பெருமானை வணங்கும் வாசகத்தை நாகரி எழுத்தில் மறுபக்கத்திலும் பொறித்து வெளியிட்டார். மன்னனுடைய முகம் இக்காசுகளில் இல்லை. மன்னன் எத்தெய்வத்தின் அடியான் என்பதற்கே அவை சாட்சி கூறின.

இத்தகைய நாட்டில் வந்திறங்கிய ஐரோப்பிய வணிகர் தம் கப்பல்களில் ஏற்றி வந்த வெள்ளிக் கட்டிகளையும், ஸ்பானிய ரியால்களையும், கீழ்த்திசைத் துறைமுகங்களில் வாங்கிய பொற்பொடியையும் அப்படியே செங்கல்பட்டுச் சீமையின் நெசவாளரிடம் கொடுத்துத் துணி வாங்க முடியாது. நெசவாளருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அம்முன்பணம் அவர் நூற்காரருக்கும் நெல் வியாபாரிக்கும் தயக்கமின்றிக் கொடுக்கக்கூடிய நாணயமாக இருக்க வேண்டும். ஆதலால் கொண்டு வந்த உலோகத்தை உள்ளூர் வராகனாக மாற்றுவது, துணி வாங்குவதற்கு முந்திய அவசியமான காரியமாயிற்று. இதனைப் பிறர் நாணயசாலையில் செய்துகொண்டால் கூலியும் தேய்மானமும் அவருக்குப் போகும். தாமே செய்தால் அந்த ஆதாயம் தமக்கே சேரும். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயகர் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையில் இடம் அளித்த சாசனத்தில், கோட்டை கட்டிக்கொள்ளும் அனுமதியோடு நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றதன் காரணம் இதுவே. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வியாபாரக் கும்பினி, தன் சொந்த மன்னனின் முத்திரையை அன்று, ஒரு தெலுங்கு நாயகரின் அனுமதியைக் கொண்டு பொன் நாணயம் அடிக்கத் தொடங்கியது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் கோமுட்டிச் செட்டிமாரே கும்பினியிடம் குத்தகை எடுத்து இவ்வேலையை நடத்தினர். பின்னர்க் கும்பினியார் தம் மேற்பார்வையிலேயே அதை வைத்துக்கொண்டனர். 1695இல் கோட்டைக்குள் புதிய நாணயசாலை ஒன்று எழுந்தது. 1727இல் அது கோட்டையின் வடமேற்கு மூலையில் மறுபடியும் கட்டப்பட்டது. 1742இல் சிந்தாதிரிப்பேட்டையிலும் ஒரு நாணயசாலை ஏற்பட்டது. அதிகாரம் வெள்ளையருடையதாயினும், உலையின் முன் அமர்ந்து உருக்கியவரும், உரைத்தவரும், நிறுத்தவரும், சம்மட்டி பிடித்தவரும் இந்நாட்டுக் கம்மாளரும், நாணயம் சோதித்து மாற்றும் சராப்புகளுமே ஆவர்.

அவர்கள் வேலை செய்த முறை எளிமையானது. ஆனால் கைத்தேர்ச்சி மிகுதியாக வேண்டுவது. முதலில் பொன்னை உரைகல்லில் இழைத்து, மாற்றுத் தெரிந்த பொன்னூசிகளின் கோட்டோடு ஒப்பிட்டு, அதன் தரத்தை நிச்சயிப்பர். பிறகு வேண்டிய மாற்றுக்கு வரும்படி செம்போ வெள்ளியோ கூட்டி உருக்குவர். உருக்கிய பொன்னைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தராசில் நிறுத்து, மிகுந்ததைச் சுரண்டியும் குறைந்ததற்குச் சேர்த்தும் எடையைச் சரிப்படுத்துவர். அத்துண்டுகளைக் கரித்தூளில் பதித்து மீண்டும் சூடேற்றினால், உருகிய பொன் தன்னியல்பிலேயே திரண்டு சிறு மணியாகும். இவ்வாறு திரண்ட மணியைக் கம்பட்ட முளை எனப்படும் இரண்டு எஃகு அச்சுகளின் இடையே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஒரு முறை அடித்தால் வராகன் பிறந்தது. அச்சின் முகம் காசைவிடப் பெரிதாதலால் உருவம் முழுவதும் ஒரே காசில் விழுவதில்லை. ஒன்றில் திருமுடி மறைந்திருக்கும், மற்றொன்றில் திருவடி விடுபட்டிருக்கும். பருமன் மிகுந்து, விளிம்பு ஒழுங்கின்றி, துவரம்பருப்பைச் சற்றே பெரிதாக்கினாற்போல் தோன்றும் இக்காசுகளை முதன்முதலாகக் காண்பவர் இவற்றையா ஒரு சாம்ராஜ்யம் நம்பியிருந்தது என்று ஐயுறுவர். ஆனால் எடையிலும் மாற்றிலும் இவை வழுவினால் அன்றைக்கே அங்காடியில் வட்டம் என்னும் கழிவு பிடிக்கப்பட்டுவிடும் என்பதைக் கும்பினியார் நன்கு அறிந்திருந்தனர்.

இனி, அச்சில் வெட்டப்பட்ட உருவத்தைப் பார்ப்போம். சென்னையில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதல் அடிக்கப்பட்ட ஒரு வகை வராகனில் வேங்கடேசப் பெருமாள் நடுவிலும், தேவிமார் இருவர் இரு பக்கத்திலும் நின்றனர். மறுபக்கத்தில் எழுத்தேதும் இன்றிச் சிறு புள்ளிகள் மணல் தூவியதுபோல் நிறைந்திருந்தன. மூன்று சுவாமி வராகன் என்பது இதற்கு வழங்கிய பெயர். சுமார் 1740 முதல் இதற்குப் பதிலாகத் தனித்த திருமால் உருவம் ஒருபுறமும், புள்ளிகளின் நடுவே ஐந்து முனை நட்சத்திரம் மறுபுறமுமாக ஒரு புதிய வராகன் வெளிவந்தது. நட்சத்திர வராகன் என்றும், பூவராகன் என்றும் பிரசித்தி பெற்று, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் தமிழகத்தின் வரவுசெலவையெல்லாம் ஆண்டது இதுவே. இதன் எடை சுமார் 3.4 கிராம்; அதில் ஐந்தில் நான்கு பங்கு சுத்தப் பொன். ஆங்கிலேயர் தம் கணக்கில் இதனை 8 ஷில்லிங்குக்குச் சமமாக வைத்தனர்.

கிறிஸ்துவச் சமயத்தைச் சார்ந்த வணிகர்கள், அதிலும் விக்கிரக ஆராதனையை வெறுத்த புராட்டஸ்டண்டு மதத்தினர், திருமாலின் திருவுருவத்தைத் தம் கோட்டைக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வெளியிட்டது சமரச ஞானத்தினால் என்று எண்ணுவோமாயின் ஏமாந்து போவோம். அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே கோவாவில் ஆண்ட போர்ச்சுகீசியர் தம் பொற்காசில் புனித தோமையாரைப் பொறித்தனர். கோவா அவர்களுடைய ஆட்சிக்குட்பட்ட நகரமாதலால் அங்கே அது செல்லுபடியாயிற்று. ஆனால் சென்னைக் கும்பினியோ தன் கோட்டைச் சுவருக்கு அப்பால் ஒரு சாண் தொலைவும் பிறருடைய தயவில் நடமாடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்துச் சராப்புக்கும் திருப்போரூர்ச் சந்தைக்கும் இங்கிலாந்து மன்னன் யாரென்று தெரியாது, வேங்கடவனைத் தெரியும். பழகிய உருவத்தோடு வந்த காசைக் கை தானாக வாங்கிக்கொள்ளும். பழகாத உருவத்தோடு வந்ததை உரைகல் தேடும், வட்டம் கேட்கும். இந்த உண்மையை உணர்ந்தவர் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உலாந்தரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் திருமால் உருவ வராகன்களையே அடித்தனர். மைசூரை ஆண்ட ஹைதர் அலி, இஸ்லாமிய சமயத்தவராயினும், சிவனும் பார்வதியும் அமர்ந்திருக்கும் பழைய இக்கேரி வராகனின் உருவத்தை மாற்றாமல், மறுபக்கத்தில் தம் பெயரின் முதல் எழுத்தை மாத்திரம் பாரசீக லிபியில் சேர்த்து வெளியிட்டார். சமயம் எதுவாயினும் சந்தையின் சம்பிரதாயத்திற்குப் பணியாமல் பொன் ஓடாது என்பது அக்காலத்து அரசியல் ஞானம்.

உருவம் ஒன்றாக இருந்தமையால் மோசடிக்கும் இடம் உண்டாயிற்று. பரங்கிப்பேட்டை வராகன் என்னும் பெயரோடு வழங்கியது திருமால் உருவத்தையே தாங்கியிருந்தும் மாற்றில் மிகவும் தாழ்ந்தது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் காசுகளுள் எது எந்த நாணயசாலையில் பிறந்தது, அதில் பொன் எவ்வளவு என்பதைச் சொல்லவல்லவர் சராப்புகள். அவர்கள் வாக்கே அங்காடியில் வேதவாக்கு. மாற்று எவ்வளவு, வட்டம் எவ்வளவு என்று அன்றாடம் நிர்ணயித்த இவர்களுடைய செல்வாக்கைக் கும்பினியாரும் மீற முடியவில்லை.

வராகனுக்குக் கீழே பணம், பணத்திற்குக் கீழே காசு. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். எனவே ஒரு ரூபாய்க்கு 12 பணம். பொன்னால் ஆன பணம் குன்றிமணியைவிடச் சிறிய வில்லை. கை தவறி மணலில் விழுந்தால் மீட்பது அரிது. திருவிதாங்கூரில் இத்தகைய சிறு நாணயங்களை எண்ணுவதற்கென்று வரிசையாகக் குழிகள் வெட்டிய பலகைகளை வைத்திருந்தனர்; காசுகளைப் பரப்பி அசைத்தால் ஒவ்வொரு குழியிலும் ஒன்று அமரும், எண்ணிக்கை உடனே தெரிந்துவிடும். சித்த வைத்தியர்கள் மருந்து நிறுப்பதற்குப் பணவெடை, வராகனெடை என்று அளவு சொல்லுவதும் இந்நாணயங்களின் நெடுங்காலச் செல்வாக்கிற்குச் சான்றாகும்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தபின், கேளம்பாக்கத்தைச் சூழ்ந்த கிராமங்களின் வாழ்வும் வராகக் கணக்கில் எழுதப்படலாயிற்று. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை இந்த ஜாகீரின் கிராமங்களை அளந்து, நிலம், குடி, ஏரி, கோயில் மானியம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அவ்வாறு அளந்த நிலத்தின் தீர்வையும், 1805இல் உப்பைக் கும்பினி தன் தனியுரிமையாக்கிக்கொண்ட பின் இக்கரையின் உப்பளங்களிலிருந்து வந்த வருமானமும் வராகனிலும் பணத்திலுமே கணக்கிடப்பட்டன. துணி வாங்குவதற்காக அடித்த நாணயம், இப்பொழுது வரி வாங்குவதற்கும் பயன்பட்டது. வாங்குபவனாக வந்தவன் வசூலிப்பவனாக ஆனபின் நாணயத்தின் முகமும் மாறாமல் இருக்குமா?

அம்மாறுதலுக்குப் போகுமுன் ஆலம்பரையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுவோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தென் எல்லையில், காயலுக்கும் கடலுக்கும் இடையே இடிந்து நிற்கும் அக்கோட்டையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சியைச் சேர்ந்த நாணயசாலை ஒன்று நடைபெற்றது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் தம் வர்த்தகத்திற்கு வேண்டிய நாணயத்தைப் பிறர் சாலையில் பெறுவதை விட்டுத் தாமே அடித்துக்கொள்ளப் பெரிதும் முயன்றனர். 1736இல் கவர்னர் டூமா, நவாப் தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் புகழ்பெற்ற நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். நாணயசாலை உரிமை பற்றிய செய்தி அதன் தொடக்கப் பகுதியிலேயே இடம்பெறுகிறது. ஒரு துபாஷியின் குறிப்பேட்டில் இதற்குக் கிடைத்த முதலிடமே, நாணயம் அடிக்கும் உரிமை அந்நாளில் எத்தகைய பெரும் பேறாக மதிக்கப்பட்டது என்பதை விளக்கும். ஆலம்பரை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபொழுது திப்பு வீழ்ந்துவிட்டார். ஆற்காடு பெயரளவில் நின்றது. தென்னாட்டில் கும்பினியை எதிர்க்கத்தக்க சக்தி எதுவும் எஞ்சவில்லை. அச்சமயத்தில், 1807ஆம் ஆண்டை ஒட்டி, சென்னை நாணயசாலையில் இயந்திரங்கள் அமைந்தன. அங்கே தலைவராக இருந்த பெஞ்சமின் ரோபக் இம்முயற்சியில் முன்னின்றவர். சம்மட்டியின் கீழ் உருக்குலைந்து விழுந்த காசுக்குப் பதிலாக, வட்டம் பிசகாத, உருவம் முழுவதும் தெளிந்த, ஒன்றைப்போல் ஒன்று அமைந்த நாணயங்கள் வெளிவரலாயின. இரண்டு வராகன், ஒரு வராகன் எனப் பொன்னிலும், அரை வராகன், கால் வராகன் என வெள்ளியிலும் அடிக்கப்பட்ட இவற்றின் ஒரு முகத்தில் பல நிலைகளோடு ஓங்கிய கோயில் கோபுரமும் அதன் இருபுறமும் நட்சத்திரங்களும், மறுமுகத்தில் தாமரையிலிருந்து எழும் திருமாலும் திகழ்ந்தனர். கோபுரத்தைச் சுற்றி ஆங்கிலமும் பாரசீகமும், திருமாலைச் சுற்றித் தமிழும் தெலுங்கும் ஓடின. நான்கு மொழிகள் ஒரே காசில் இடம்பெற்ற இவை, கும்பினி வெளியிட்ட நாணயங்களுள் கலையழகு மிக்கவை என்பது என் அபிப்பிராயம். வெள்ளி அரை வராகன்கள் சிலவற்றை உற்றுப் பார்த்தால் கோபுரத்தின் அடியில் ஸ்பானிய மன்னனின் தலையோ எழுத்தோ மங்கலாகத் தென்படும். ஸ்பானிய எட்டு ரியால் வெள்ளி நாணயத்தையே அச்சில் வைத்து மீண்டும் அடித்ததனால் வந்த சுவடு அது.

செப்புக் காசுகளையோ கும்பினி இங்கிலாந்திலேயே செய்வித்தது. பர்மிங்ஹாம் நகரத்தருகே மாத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயசாலையில் நீராவி இயந்திரங்களால் அடிக்கப்பட்ட 10 காசும் 20 காசும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. அவற்றைச் சுமந்து புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்னும் கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்னரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் நாட்டு ஏழைகளின் கைக்கு வரவேண்டிய செப்புக் காசுகள் அண்மைக் காலத்தில் அக்கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு, உலகெங்கும் நாணயம் சேகரிப்போர் கையில் விளங்குகின்றன.

வராகனின் முடிவு 1818இல் வந்தது. அவ்வாண்டு கும்பினி சென்னை ராஜதானிக்கு வெள்ளி ரூபாயையே ஆதார நாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தது. அதையடுத்துச் சென்னையில் அடிக்கப்பட்ட 15 ரூபாய் மதிப்புள்ள மோகரா என்னும் பொற்காசிலும், அதன் பகுதிகளாகிய சிறு காசுகளிலும் திருமால் இல்லை. கும்பினியின் சொந்தச் சின்னங்கள் ஏறி அமர்ந்தன. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நாணயச் சட்டம் இயற்றப்பட்டபொழுது, பொன் மோகராவிலும் வெள்ளி ரூபாயிலும் நான்காம் வில்லியம் மன்னனின் தலை பொறிக்கப்பட்டது. மோகராவின் மறுபக்கத்தில் பனைமரத்தின் முன் சிங்கம் நடந்தது. அதுவரையில் சென்னை வெள்ளி ரூபாய், 1759இல் இறந்துபோன இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரையும் அவருடைய ஆறாம் ஆட்சியாண்டையும் தாங்கியே வந்துகொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இறந்த அரசனின் பெயரையும் இன்னொருவர் தெய்வத்தின் உருவத்தையும் இரவல் வாங்கிக் காலம் தள்ளிய கும்பினி, இனி இரவல் வேண்டாம் என்று துணிந்த ஆண்டு அது எனலாம். வியப்பு என்னவெனில், மன்னன் முகம் ஏறிய அந்தப் பொன்னை மக்கள் கடனுக்கு ஈடாக வாங்கியே தீரவேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1853 முதல் அரசாங்கக் கஜானாக்களே பொன் நாணயத்தை ஏற்பதை நிறுத்திவிட்டன. பொன்னில் முகம் பதித்த ஆட்சி, பொன்னை நாணயப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டது.

சென்னை நாணயசாலை 1841-42இல் கோட்டையை விட்டு, வடசென்னையில் பழைய வெடிமருந்துச் சாலை இருந்த கட்டடங்களுக்குப் பெயர்ந்தது. 1869இல் அது மூடப்பட்டது. பின்னர் அங்கே அரசாங்க அச்சகம் குடியேறியது. தங்கசாலைத் தெரு என்னும் பெயர் மாத்திரம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதன்பின் இந்தியாவில் பொன் நாணயம் பெருவாரியாக அடிக்கப்பட்டது முதல் உலக யுத்தத்தின்பொழுதுதான். 1918இல் பம்பாய் நாணயசாலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் தலையோடு 15 ரூபாய்ப் பொற்காசுகள் 20 லட்சத்திற்கு மேலும், ஆங்கிலச் சவரன்கள் சுமார் 13 லட்சமும் வெளியாயின. அந்தச் சவரனின் எடை 7.98 கிராம், இன்று நம் நகைக்கடைகளில் 8 கிராம் கொண்டது ஒரு சவரன் என்று விலை கூறப்படுவது அந்த எடையை ஒட்டியதே.

இவ்வளவையும் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அந்நியர் ஆட்சியின் பலம் எவ்வளவு என்பதைப் போர்க்களக் கணக்கைக் காட்டிலும் அவர்கள் அடித்த பொற்காசின் முகம் ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. நம்மவரின் நம்பிக்கை தேவைப்பட்ட வரையில் நம் தெய்வத்தை முன்னிறுத்தினர். அதிகாரம் பாதி கைக்கு வந்தபொழுது கோபுரத்தோடு தம் மொழியையும் சேர்த்தனர். முழுதும் வந்தபின் தம் மன்னனை அமர்த்தினர். ஏட்டில் எழுதப்பட்ட வரலாறு எழுதியவன் நோக்கத்திற்கு ஏற்ப வளையும். அன்றாடம் கைமாறிய காசு அவ்வாறு வளைவதில்லை.

இக்காரணத்தாலேயே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்திற்கோ கோட்டை அருங்காட்சியகத்திற்கோ செல்லும்பொழுது நாணயப் பகுதியை ஓட்டமாகக் கடந்துவிடாமல் சற்று நின்று பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். வீட்டுப் பேழையில் பாட்டி வைத்துப்போன வராகனோ பணமோ இருந்தால், அதன் பொன்னுக்கு மட்டும் விலைபேசி உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்; உருக்கிய பொன்னை மறுபடியும் வாங்கலாம், உருக்கிய சரித்திரத்தை வாங்க இயலாது. கேளம்பாக்கம் முதல் ஆலம்பரை வரை புதிய கட்டடங்களுக்காக நாள்தோறும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும் இக்காலத்தில் மண்ணுக்கடியிலிருந்து பழங்காசு ஏதேனும் வெளிப்பட்டால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எந்தப் புதையலுக்கும் அச்சட்டம் பொருந்தும்.